7 வருஷமாக ஒரே ஆம்ப், ஒரே ஒரு கிர்ர்

என் கிட்டார் ஆம்ப் (கிட்டார் சத்தத்தைப் பெருக்கித் தரும் பெட்டி) ரிப்பேருக்குப் போய்த் திரும்பி வந்த செய்தி எப்படித்தான் பரவியதோ, மறுநாளே நண்பன் ஒருவன் கேட்டுவிட்டான்: "மச்சி, அதே மாடல் செகண்ட் ஹேண்டில் ஒண்ணு வந்திருக்கு, வாங்கலாமா?" ஒரு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் 7 வருஷப் புலம்பல் ஒரு வரியில் அடங்காது. பிராண்ட் பெயரைச் சொல்லப்போவதில்லை, கேட்டவனுக்குத் தெரியும். 50 வாட், இரண்டு ஈஎல்34 (சத்தத்துக்குச் சக்தி தரும் கண்ணாடி வால்வ்), ஒரே ஒரு 12 அங்குல ஸ்பீக்கர், எல்லாம் ஒரே பெட்டிக்குள் இருக்கும் காம்போ. மற்றதையெல்லாம் அவனே படித்திருப்பான்.

முதலில் ரிப்பேர். நாலைந்து வாரமாக, வாசித்துக்கொண்டிருக்கும்போதே சத்தம் திடீரென்று அமுங்கும், அப்புறம் எதையோ பொரிக்கிற மாதிரி ஒரு இரைச்சல், பிறகு ஒன்றுமே நடக்காததுபோலச் சரியாகிவிடும். பார்த்துக் கொடுத்தவர் பொறுமைசாலி. ஆம்பை ஆன் செய்து, வால்யூமைக் கொஞ்சம் ஏற்றி வைத்துக்கொண்டு, ஒரு மரப் பென்சிலின் பின்பக்கத்தால் ஒவ்வொரு வால்வாக மெல்லத் தட்டிக்கொண்டே வந்தார். முதல் வால்வைத் தட்டியதும் ஸ்பீக்கரில் 'டிங்' என்று மணியடித்தது. 12ஏஎக்ஸ்7 என்ற அந்தச் சின்ன வால்வ் மைக்ரோபோனிக் ஆகிவிட்டதாம், அதாவது வால்வே மைக் மாதிரி அதிர்வைப் பிடித்து ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. போதாததற்கு ஒரு ஈஎல்34-இன் ஸ்கிரீன் ரெசிஸ்டர் (மின்சாரத்தை மட்டுப்படுத்தும் சின்ன உதிரி) கருகியிருந்தது. அதை மாற்றி, ஈஎல்34 இரண்டையும் ஜோடியாகப் புதிதாகப் போட்டு, பயாஸ் (வால்வுக்குள் ஓடும் மின்சாரத்தின் அளவு) வைத்துக் கொடுத்தார். வீடியோ பார்த்துவிட்டு நீங்களே திறந்து நோண்ட வேண்டாம், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டர்களில் சில நூறு வோல்ட் தங்கியிருக்கலாம்.

இதிலெல்லாம் எனக்குக் கோபமே இல்லை. வால்வ் என்பது டயர் மாதிரி, தேயத்தான் செய்யும். கோபம் வேறு இடத்தில்.

ஏ. வெறும் ஏ ஸ்வரம். ஐந்தாவது ஸ்ட்ரிங்கை ஓப்பனாக அடித்தாலும் சரி, ஆறாவது ஸ்ட்ரிங்கின் ஐந்தாவது பிரெட்டில் பவர் கார்ட் (இரண்டு ஸ்வரக் கூட்டு) பிடித்தாலும் சரி, அந்த 110 ஹெர்ட்ஸ் வந்ததும் ஆம்புக்குள் எங்கேயோ ஒரு தகரம் 'கிர்ர்' என்கிறது. ஏ ஷார்ப்பில் இல்லை. பி-யில் இல்லை. ராக் வாசிக்கிறவனுக்கு ஈ-யை விட்டால் ஏ, ஏ-யை விட்டால் ஈ. இருக்கிற 12 ஸ்வரத்தில் இதற்கு வேறு இடமே கிடைக்கவில்லையா?

ஸ்பீக்கர் கிழிந்திருக்குமோ என்று முதலில் சந்தேகம். வேறு ஸ்பீக்கர் கேபினெட்டில் இணைத்துப் பார்த்தேன், கிர்ர் அறவே இல்லை. அப்படியானால் எலக்ட்ரானிக்ஸில் குறை இல்லை, பெட்டி அதிரும்போது உள்ளே ஏதோ ஒன்று கூடச் சேர்ந்து ஆடுகிறது. அதைத் தேடலாமென்றால் இரண்டு கையும் கிட்டாரில் இருக்கிறதே! கடைசியில் காலால் அழுத்தும் லூப்பர் பெடலில் ஒரு ஏ கார்டைப் பதிவு செய்து, அதைச் சுற்றிச் சுற்றி ஓடவிட்டு, நான் ஆம்புக்குப் பின்னால் மண்டியிட்டு உட்கார்ந்துகொண்டேன். பின்பலகையின் திருகுகள், கைப்பிடி, மூலைத் தகடு, ஸ்பீக்கர் போல்ட் என்று ஒவ்வொன்றாக அழுத்தி அழுத்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போனது. வீட்டில் இருந்தவர்களுக்கு அன்று முழுக்க அந்த ஒரே கார்ட்தான். கடைசியில் பார்த்தால், ஈஎல்34-ஐ விழாமல் பிடித்துக்கொண்டிருக்கும் ஸ்பிரிங் கிளிப் கண்ணாடியில் உரசுகிறது. வால்வை ஸ்பீக்கருக்கு நேர் மேலே தலைகீழாகத் தொங்கவிட்டால் வேறென்ன நடக்கும்?

சூடு தாங்கும் சிலிக்கான் வளையங்கள் வாங்கி இரண்டு வால்விலும் மாட்டினேன். கிர்ர் நின்றது. இரண்டு நாள் ஏ-யாக அடித்துத் தீர்த்தேன். மூன்றாம் நாள் ஏதோ தேடிக்கொண்டிருக்கையில் ஜி ஷார்ப்பில் கை பட்டது, கிர்ர். வளையத்தின் எடை கூடியதால் அதிர்வெண் அரைப்படி இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். போகட்டும், ஜி ஷார்ப்பில் எங்கள் பேண்டுக்கு ஒரு பாட்டும் கிடையாது என்று நான்கு வருஷம் நிம்மதியாக இருந்தேன். இப்போது ரிப்பேரில் வால்வை மாற்றும்போது அந்த நல்ல மனிதர் பழைய வளையங்களைக் கழற்றிப் போட்டுவிட்டார். கிர்ர் மறுபடி ஏ-க்கே வந்து குடியேறிவிட்டது.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். ஸ்பீக்கருக்கு முன்னால் மைக் வைத்துப் பதிவு செய்தால் இந்தச் சத்தம் கேட்பதே இல்லை. டிரம்ஸ் தொடங்கிவிட்டால் எனக்கே கேட்பதில்லை. பாஸிஸ்ட்டிடம் காதை வைத்துக் கேள் என்றேன், "என்ன கிர்ர்?" என்றான். எனக்குத் தெரியும். அது போதும்.

கிட்டார் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு இருக்கின்றன, சிங்கிள் காயில் பிக்கப் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தச் சுருள்) வைத்த ஸ்ட்ராட் (ஸ்ட்ராடோகாஸ்டர்) ஒன்று, இரட்டைச் சுருள் ஹம்பக்கர் வைத்த லெஸ் பால் வகை ஒன்று. ஹம்பக்கரை ஆம்பில் செருகினால் உடனே டிஸ்டார்ஷன் (உறுமல்) வருகிறது, இரைச்சலும் குறைவு (இரண்டு காயிலை எதிரெதிராக வைத்து ஹம்மை அடித்துவிடும் அந்தத் தந்திரம் 1950களிலிருந்து மாறவே இல்லை). இருந்தும் கை போவது ஸ்ட்ராட்டுக்குத்தான். 1954-இல் அது வந்தபோது அதில் பிக்கப்பைத் தேர்ந்தெடுக்க மூன்று நிலை சுவிட்ச்தான், வாசிப்பவர்கள் சுவிட்சை இரண்டு நிலைகளுக்கு நடுவே சிக்கவைத்துப் புது டோன் எடுத்தார்கள், கம்பெனி 1977-இல்தான் ஐந்து நிலை சுவிட்ச் போட்டுக் கொடுத்தது. சில்லறை வேலைகளால் தப்பிப்பது கிட்டாரிஸ்ட்டுக்குப் புதிதல்ல.

பெடலில் டியூப் ஸ்கிரீமரை (ஒலியை லேசாக உறுமவைக்கும் பெடல்) எப்போதும் ஆனில் வைத்திருக்கிறேன். டிரைவ் (உறுமலின் அளவு) கிட்டத்தட்ட பூஜ்யம், லெவல் முழுசாக. ப்ளூஸ் கிட்டாரிஸ்ட் ஸ்டீவி ரே வான் வாசித்த பெடல் என்றுதான் எல்லோரும் வாங்குவார்கள், நானும் அப்படித்தான் வாங்கினேன். ஆனால் அது 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைக் குறைத்துவிட்டு நடு அதிர்வெண்களில் ஒரு மேட்டைத் தூக்கும். அடிச்சத்தம் குறைந்தால் பெட்டி அதிர்வதும் குறையும், கிர்ர் பாதியாகும். டோனுக்காக வாங்கியது, தகரத்துக்கு மருந்தாக ஓடிக்கொண்டிருக்கிறது. பிக் மஃப் பெடல் இதற்கு நேர் எதிர், நடுவைக் குடைந்துவிடும். அறையில் தனியாக வாசித்தால் மலை மாதிரி இருக்கும், பேண்டோடு சேர்ந்தால் நான் மேடையில் இருக்கிறேனா என்றே யாருக்கும் தெரியாது.

இத்தனை திட்டிக்கொண்டும் இந்த ஆம்பை ஏன் வைத்திருக்கிறேன் என்றால் காரணம் ஃபஸ், ஒலியைக் கரகரவென்று கிழிக்கும் பெடல். ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் போட்ட பழைய வகை. கிட்டாரிலிருந்து நேராக அதற்குள் போக வேண்டும், முன்னால் பஃபர் (சிக்னலைப் பலப்படுத்தும் சர்க்யூட்) உள்ள பெடல் எதையும் வைத்தால் மூஞ்சியைத் தூக்கிக்கொள்ளும். சூடு ஏறினால் குணம் மாறும். ஆனால் ஆம்பின் வால்யூமை நாலுக்கு மேல் திருப்பி, ஃபஸ்ஸை முழுசாகத் திறந்து, கிட்டாரின் வால்யூமைச் சுண்டுவிரலால் 10-இலிருந்து 7-க்கு இறக்கிப் பாருங்கள். உறுமிக்கொண்டிருந்தது அப்படியே கண்ணாடி மாதிரித் தெளிகிறது. பெடலைத் தொடவில்லை, சேனல் மாற்றவில்லை. மறுபடி சுண்டுவிரலை உருட்டினால் உறுமல். முதல் முறை இதைக் கண்டுபிடித்த இரவில் தூக்கமே வரவில்லை. அதற்கு முன்பு வாசித்த டிரான்சிஸ்டர் ஆம்பில் எவ்வளவு முயன்றும் இது வரவில்லை.

நாலுக்கு மேல் என்றேன் அல்லவா, அங்கேதான் அடுத்த சங்கடம். இரண்டிலேயே ஜன்னல் அதிரும். நண்பன் 20 வாட்டில் வாங்கினால் பரவாயில்லையா என்று கேட்கிறான். வாட் பாதியானால் 3 டெசிபல்தான் குறையும், காதுக்குச் சத்தம் பாதியாக வேண்டுமென்றால் வாட் பத்தில் ஒன்றாக வேண்டும். 20-உம் சத்தமாகத்தான் இருக்கும்.

சரி, வாங்கலாமா? வாங்காதே. ஹெட் (வால்வ் உள்ள பெட்டி) தனி, கேபினெட் தனி என்று வாங்கு, வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே ஒரு சுவராவது இருக்கட்டும். "அப்போ உன்னோடதை எனக்குக் குடுத்துடேன்" என்றான். அதெல்லாம் கிடையாது, இது விற்பனைக்கு இல்லை.

புது வளையம் இரண்டு வந்துவிட்டது, இன்று மாலை மாட்டி, கிர்ரை மறுபடி ஜி ஷார்ப்புக்கு நாடு கடத்திவிடலாம் என்றிருந்தேன். மதியம் பாடகனிடமிருந்து செய்தி: தொண்டைக்குச் சௌகரியமாக இல்லையாம், இனி எல்லாப் பாட்டையும் அரை ஸ்வரம் இறக்கி ட்யூன் செய்து வாசிக்கலாமாம். அதாவது ஏ ஸ்ட்ரிங் ஜி ஷார்ப்பில். வளையம் இன்னும் கவரிலேயே இருக்கிறது.