கயேலா, டியேகோவா: யாரிடம் தொடங்குவது?

மெக்சிகோ நடிகர்களைப் பார்க்கத் தொடங்கும் நண்பர்கள் திணறுவது இங்கேதான். கயேல் கார்சியா பெர்னாலும் டியேகோ லூனாவும் சின்ன வயதுத் தோழர்கள். 1992இல் ஒரே தொலைக்காட்சித் தொடரில் நடித்த பையன்கள். 2001 வெனிஸ் விழாவில் இளம் நடிகர் விருதையும் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

முதல் படம்: கயேலுக்கு 'அமோரெஸ் பெர்ரோஸ்' (2000). பின்சீட்டில் ரத்தம் வழியும் நாய், ஸ்டியரிங்கில் கயேல். அந்தப் பதற்றம் ஒன்றே போதும். டியேகோவுக்கு அப்படி ஒரு அதிரடித் தொடக்கம் இல்லை, மெல்ல மெல்லத்தான் ஏறி வந்தார்.

தொடர்: கயேலின் 'மொசார்ட் இன் தி ஜங்கிள்' அரை மணி நேர எபிசோடுகள், லேசானது, 2016இல் அவருக்குக் கோல்டன் குளோப் விருது வாங்கித் தந்தது. டியேகோவின் 'ஆன்டோர்' ('ஸ்டார் வார்ஸ்' உலகில் நடக்கும் கதை) 24 எபிசோடு, பொறுமை வேண்டும். ஆனால் அந்தச் சிறைக் காட்சிகள் இருக்கிறதே! கைதிகள் எல்லோரும் வெறுங்காலோடு, தரையில் எந்நேரமும் மின்சாரம் பாயலாம். டியேகோ அதிகம் பேசுவதே இல்லை, கண்கள் மட்டும் வழி தேடிக்கொண்டிருக்கும். என் ஓட்டு இதற்குத்தான்.

குழந்தைகளோடு பார்க்க: யோசிக்கவே வேண்டாம், அனிமேஷன் படமான 'கோகோ'. அதில் எக்டர் பாத்திரத்துக்குக் குரல் கயேல். (கைக்குட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள்.)

கேமராவுக்குப் பின்னால்: இருவரும் சேர்ந்து 2005இல் 'அம்புலான்தே' என்ற ஊர் ஊராகச் செல்லும் ஆவணப்பட விழாவைத் தொடங்கினார்கள். இதில் இருவருக்கும் இடையே போட்டியே இல்லை.

ஒரு மாலைதான் நேரம் என்றால் கயேல். ஒரு மாதம் ஒதுக்க முடியும் என்றால் டியேகோ.