பெயருள்ள திமிங்கிலமா, பொம்மைத் திமிங்கிலமா?

திமிங்கிலத்தைத் தத்தெடுத்து, அதாவது அதன் பேரில் ஓர் அமைப்புக்கு நன்கொடை கொடுத்து, பரிசளிக்க ஆசை; எந்த அமைப்பு என்பதில்தான் குழப்பமா?

யாரை: டபிள்யூ.டி.சி. என்ற திமிங்கில, டால்பின் பாதுகாப்பு அமைப்பில் ‘சால்ட்’ போன்ற பெயருள்ள கூன்முதுகுத் திமிங்கிலம். சால்ட், அமெரிக்காவின் மெய்ன் வளைகுடாவில் 1970-களிலிருந்தே ஆய்வாளர்களுக்குத் தெரிந்தவள். முதுகுத்துடுப்பில் உப்பைத் தூவியதுபோல் வெள்ளைத் தழும்பு, அதனால் அந்தப் பெயர். இப்போது பாட்டியாகிவிட்டாள்! டபிள்யூ.டபிள்யூ.எஃப். என்ற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பில் இனத்தை மட்டுமே தேர்ந்தெடுக்கலாம்.

கையில் கிடைப்பது: முன்னதில் சான்றிதழ், அவளைப் பற்றிய செய்திகள். பின்னதில் சான்றிதழோடு பஞ்சுப் பொம்மை.

பணம்: இரண்டிலுமே பொதுவான பாதுகாப்பு வேலைக்குத்தான் போகும். சால்ட்டுக்கு மீன் வாங்கிப் போட மாட்டார்கள்.

நீடிப்பு: பொம்மை வருஷக்கணக்கில் கட்டிலில் கிடக்கும்.

மூன்று வயதுக் குழந்தைக்குப் பொம்மை போதும். “இந்த வருஷம் சால்ட் வந்தாளா?” என்று கேட்கிற வயதென்றால், யோசிக்காமல் டபிள்யூ.டி.சி.