மலப் பரிசோதனையா, கொலோனோஸ்கோப்பியா?

பெருங்குடல் புற்றுநோய் பெரும்பாலும் பாலிப் என்கிற சின்னச் சதை வளர்ச்சியாகத்தான் தொடங்குகிறது. அது புற்றாக மாறப் பல வருடங்கள் ஆகும். அறிகுறியே இல்லாத அந்தக் காலத்தில் கண்டுபிடித்துவிட்டால் பிழைப்பது எளிது. அமெரிக்காவில் 2021 முதல் 45 வயதிலேயே பரிசோதனையைத் தொடங்கச் சொல்கிறார்கள்.

‘ஃபிட்’ என்னும் மலப் பரிசோதனைக்குப் பத்தியம் கிடையாது, மயக்க மருந்து கிடையாது. வீட்டிலேயே குச்சியால் துளி மலம் எடுத்துக் கொடுத்தால் போதும்; கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தைக் காட்டிவிடும். ஆனால் ரத்தம் கசியாத பாலிப்பைத் தவறவிடலாம். அதனால் வருடாவருடம் செய்ய வேண்டும். பாசிட்டிவ் வந்தால் அடுத்து, ஆசனவாய் வழியாகக் கேமரா குழாயைச் செலுத்திப் பெருங்குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பிதான். அதைத் தள்ளிப்போட்டால் முதல் பரிசோதனையே வீண்.

கொலோனோஸ்கோப்பியில் சிரமம் முந்தின நாள்தான். தெளிந்த நீராகாரம் மட்டும். அப்புறம் லிட்டர் கணக்கில் பேதி மருந்து, ராத்திரி பாதி கழிவறையில் போகும். மறுநாள் பெரும்பாலும் அரைமணி, முக்கால்மணி நேர வேலை. பாலிப் தெரிந்தால் கம்பி வளையம் போட்டு அப்போதே அறுத்து எடுத்துவிடுவார்கள். ஃபிட்டால் முடியாதது இது. அரிதாக ரத்தக்கசிவோ குடலில் துளையோ ஏற்படலாம். எல்லாம் சரியாக இருந்தால் பத்து வருடம் கழித்து வந்தால் போதும்.

அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்களுக்கு இந்த நோய் வந்திருந்தால் நேராகக் கொலோனோஸ்கோப்பிக்கே போங்கள், அதுவும் 40 வயதிலோ அதற்கு முன்போ. மற்றவர்கள் பயந்து ஒன்றுமே செய்யாமல் இருப்பதைவிட ஃபிட் ஆயிரம் மடங்கு மேல். மலத்தில் ரத்தமே தெரிந்தால் மூலம் என்று நீங்களாக முடிவுகட்டாமல் உடனே டாக்டரைப் பாருங்கள்.