ப்ளூம்: பாதிக்கப்பட்டவரின் வேகத்தில் நடக்கும் சேவை

ஹெரா ஹுசைன் 2013இல் தொடங்கிய சய்ன் அமைப்பு, பாலின வன்முறைக்கு உள்ளான பெண்களுக்கும் ஒடுக்கப்பட்ட பாலினத்தவருக்கும் இணையவழியில் இலவசமாக வழங்கும் பாடத்தொடரே ப்ளூம். பாலியல் வன்முறை விட்டுச்செல்லும் காயம், உறவுகளில் எல்லை வகுத்தல், அந்தரங்கப் படங்களைப் பரப்பும் கொடுமை ஆகியவற்றைக் காணொளிகளும் எழுத்துக் குறிப்புகளும் எளிமையாக விளக்குகின்றன.

நடந்ததை மீண்டும் மீண்டும் சொல்லி நிரூபிக்கும்படி உதவி நாடுவோரை வற்புறுத்தும் சேவைகள் பல இருக்க, இங்கே எவரும் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை என்பதும், பாடங்களை விரும்பிய நேரத்தில் படித்து, மனம் தாங்காதபோது நிறுத்திவிட்டுப் பின்னர் தொடரலாம் என்பதும் என்னை ஆழமாகத் தொட்டன. குழுவினருடன் எழுத்து வழியே உரையாடவும் வழியுண்டு. வாய்விட்டுப் பேச இயலாத வீட்டில் இருப்பவருக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல்!

ஆங்கிலம், இந்தி உள்ளிட்ட சில மொழிகளில் கிடைக்கும் இப்பாடங்கள் தமிழிலும் வர வேண்டும் என்பது என் உறுதியான விருப்பம். உடனடி ஆபத்தில் இருப்போர் இதை நம்பிக் காத்திராமல் அவசர உதவி எண்ணையே அழைக்க வேண்டும். கைபேசியைப் பிறர் சோதிக்கும் சூழலில், பக்கத்தை மூடினாலும் உலாவியின் வரலாறு அழியாது என்பதால், அதைத் தனியே நீக்குவது அவசியம்.