ஆமைக்கு ‘கால்சியம் மணல்’ என்று விற்கிறார்கள், வாங்காதீர்கள்

புதுச்சேரி, கடலூர் பக்கம் ஆமை வளர்ப்பவர்கள் கவனத்துக்கு. ஆரஞ்சு நிற மணலை ஜிப் பையில் போட்டு ‘ஆமைக்கான கால்சியம் மணல்’ என்று புதுச்சேரியில் ஒரு கடையில் விற்கிறார்கள். 2 கிலோ பை 650 ரூபாய். அதில் கால்சியம் கிடையாது. அதைப் படுக்கையாகப் போட்டதில் எங்கள் ஆமை சாகக் கிடந்து பிழைத்திருக்கிறது.

எங்களிடம் இருப்பது சல்கேட்டா குட்டி. ஆப்பிரிக்க இனம், மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் முறைப்படி பதிவு செய்து மகன் வளர்க்கிறான். படுக்கைக்கு என்ன போடலாம் என்று கேட்டபோது கடைக்காரர் தயங்காமல் சொன்னார்: “அக்கா, இது பாலைவனத்து ஆமை, மணல்லதான் இருக்கும். தின்னாலும் வயித்துல கரைஞ்சு ஓட்டுக்குச் சத்தாயிடும்.”

சில வாரத்தில் குட்டி கீரையைத் தொடவில்லை. முக்கியது, எதுவும் வெளியே வரவில்லை. பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு நடந்தது. குரும்பாபேட் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். எக்ஸ்ரேயில் குடல் முழுக்க வெள்ளையாக மணல். ஈரக் கீரையில் ஒட்டிக்கொண்டு வாய்க்குள் போயிருக்கிறது. உடம்பில் நீர் ஏற்றி, தினமும் வெதுவெதுப்பான தண்ணீரில் உட்காரவைக்கச் சொன்னார்கள். கொஞ்சம் கொஞ்சமாக மணல் இறங்கியது. என் மகன் அந்தத் தொட்டியை விட்டு நகரவே இல்லை.

பையில் மிச்சமிருந்ததில் ஒரு கரண்டி எடுத்து வினிகர் ஊற்றிப் பார்த்தேன். முட்டை ஓடு, கிளிஞ்சல் போல கால்சியம் கார்பனேட் உள்ள எதுவும் வினிகர் பட்டதும் நுரைக்கும். இது அப்படியே கிடந்தது. பக்கத்தில் நொறுக்கிய முட்டை ஓட்டைப் போட்டேன், உடனே குமிழி கிளம்பியது. தண்ணீரில் அலசியதும் சாயம் போய்ச் சாதாரண மணல்தான் மிஞ்சியது. உண்மையான கால்சியம் மணலையும் வாங்காதீர்கள். நிறைய உள்ளே போனால் கரையாமல் அதுவும் குடலில் கட்டியாகிவிடும்.

பையோடு கடைக்குப் போனேன். “திறந்த பையை எடுக்க மாட்டோம்” என்றார். பில்லில் ‘பெட் ஐட்டம்’ (வளர்ப்புப் பிராணிப் பொருள்) என்று மட்டும்தான் இருந்தது. பையின் மேல் ஒரு ஸ்டிக்கர், ஆமைப் படம். தயாரித்தவர் பெயர், முகவரி, நிகர எடை, தயாரித்த மாதம், எம்ஆர்பி, புகார் எண் ஒன்றுமே இல்லை. இவையெல்லாம் பையில் அச்சிட்டிருக்க வேண்டும் என்று 2011-ம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள் சொல்கின்றன. இவை இல்லாத பையை, எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், கையில் எடுக்காதீர்கள். நான் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன்.

மணலுக்குப் பதிலாக அதே கடையில் பைன் மரச் சீவலைக் காட்டினார்கள். அதுவும் வேண்டாம், அதன் வாசனை எண்ணெய் ஆமையின் கண்ணையும் மூச்சையும் பாதிக்கும். அப்புறம் குரலைத் தாழ்த்தி, நட்சத்திர ஆமை ஜோடி வேண்டுமா என்று கேட்டார். வனவிலங்குச் சட்டத்தில் முதல் பட்டியலில் இருக்கும் உயிர் அது. விற்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம்.

சல்கேட்டா சகாராவின் தெற்கு விளிம்பைச் சேர்ந்தது என்பது சரிதான். ஆனால் அது வெயில் நேரத்தைக் கழிப்பது வளைக்குள், அங்கே மண்ணில் ஈரம் இருக்கும். குட்டியைக் காய்ந்த இடத்திலேயே வைத்திருந்தால் ஓடு மேடுமேடாகக் கிளம்பிவிடும். நாங்கள் இப்போது போடுவது தேங்காய் நார்த்தூள், நம் நர்சரிகளில் கோகோபீட் என்று கேட்டால் கிடைக்கும். உரம் கலக்காததா என்று கேட்டு வாங்குங்கள். உப்பு இருக்கும் என்பதால் ஊறவைத்துப் பிழிந்து, தண்ணீர் தெளியும்வரை அலச வேண்டும். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், சொட்டக் கூடாது. குட்டி தன்னைப் புதைத்துக்கொள்ளும் அளவு ஆழம் போடுங்கள். அடியில் ஈரமும் மேலே உலர்வும் இருந்தால் போதும். எப்போதும் நனைந்தே கிடந்தால் அடி ஓடு அழுகும். கழிவை அன்றன்றைக்கு அள்ளிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும், அடிக்கடி கிளறி விடுங்கள். பூஞ்சை வாடை வந்தால் மொத்தமாக மாற்றிவிடுங்கள். கீரையை மட்டும் ஒரு கடப்பாக் கல் துண்டின் மேல் வையுங்கள். நார்த்தூள்கூட வயிற்றுக்குள் போகக் கூடாது.

இதே ஆரஞ்சு மணலை ஏற்கெனவே வாங்கியிருந்தால் இன்றே தொட்டியிலிருந்து அள்ளிவிடுங்கள். பையையும் பில்லையும் மட்டும் தூக்கிப் போட வேண்டாம். ஸ்டிக்கர் தெரியும்படி படம் எடுத்து வைத்துக்கொண்டு நீங்களும் 1915-க்குச் சொல்லுங்கள்.