முழுப் பன்றி சுட்டுத் தருகிறேன் என்பவரிடம் எந்த எடை என்று கேளுங்கள்

போன ஆனி மாசம் பொள்ளாச்சி பக்கம் ஒரு தென்னந்தோப்பில் நடந்த ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் நானும் மச்சானும் சாப்பாட்டுக் கடை போட்டோம். வெண்பன்றி வறுவல் நம்ம பக்கம் புதுசில்லை, அதனால் முழுசாகக் கம்பியில் கோத்துச் சுட்டு, கண் முன்னாலேயே அரிந்து கொடுத்தால் கூட்டம் அள்ளும் என்று ஒரு ஆசை. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வீடியோ போடுகிற ஒரு கேட்டரிங்காரரிடம் 50 கிலோ பன்றி, கரி, சுற்றுகிற மோட்டார், ஆள் எல்லாம் சேர்த்து 32,000 என்று பேசி, 20,000 முன்பணமும் கொடுத்தாயிற்று.

காலை 5 மணிக்கே நெருப்பு மூட்டினால்தான் மதியத்துக்கு வேகும் என்று சொன்னவர் அவரேதான். குட்டியானை வந்து நின்றது எட்டே முக்காலுக்கு. வயிற்றுக்குள் கையை விட்டுப் பார்த்தேன், விலா எலும்போரம் ஐஸ் இன்னும் விடவில்லை. சந்தேகப்பட்டுப் பக்கத்து கொப்பரைக் கடைத் தராசில் ஏற்றினால் 36 கிலோ. கேட்டதற்கு, "நான் சொன்னது உயிர் எடைங்ணா" என்கிறார். குடலெல்லாம் கழித்தால் உயிர் எடையில் நூற்றுக்கு 70, 75தான் நிற்கும், அதில் எலும்பு வேறு, வெந்தால் சுருங்குவது வேறு. தப்பு என் மேலும் உண்டு, கறி எடையா என்று எழுதி வாங்கவில்லை.

தார்ப்பாய் எங்கே என்றால், "பொள்ளாச்சிச் சாரல் மூஞ்சியத் தொடச்சுட்டுப் போயிருமுங்க." சாரலை விடுங்கள், ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற மேகாத்து என்ன செய்யும் என்று இந்தப் பக்கம் அடுப்பு மூட்டுகிறவருக்குத் தெரியாதா? மேற்கே நாலு தகரம் நிறுத்தியிருந்தால் போதும். அது இல்லாமல் அனல் முழுக்கக் கிழக்கே சாய்ந்து, தலைப்பக்கம் கருகி, தொடைப்பக்கம் வெளுப்பாகவே இருந்தது. பதினொன்றரைக்குச் சாரல் மழையாகி, மோட்டார் நின்று, கரி மூட்டையும் நனைந்துபோச்சு.

ஒரு மணிக்குத் தொடையில் கத்தியை இறக்கினால் இளஞ்சிவப்பாகத் தண்ணீர் வருகிறது. என் தெர்மாமீட்டர் எலும்போரம் 46 காட்டியது. "அதாங்க ஜூஸி" என்றார் மனுசன்! 63 டிகிரி வந்து மூன்று நிமிடம் வைத்திருந்தால் போதும் என்பது அமெரிக்கக் கணக்கு, நாடாப்புழு பயம் இருக்கிற நம்ம ஊரில் 75 தாண்டாமல் நான் இலையில் வைக்க மாட்டேன். 250 ரூபாய் டோக்கன் 110 போயிருந்தது. கடைசியில் மச்சான்தான் கறியை அரிந்து, சின்ன வெங்காயம், வரமிளகாய், தேங்காய்ப் பல்லு போட்டு இரும்புச் சட்டியில் பிரட்டிக் கொடுத்தார். 60 பேருக்குத்தான் வந்தது, மற்றவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம்.

இவ்வளவுக்கும் அப்புறம் பாக்கி 12,000 கேட்டார். தரவில்லை. முன்பணத்தில் பாதியாவது கொடுங்கள் என்றால், "மழைக்கு நான் என்னங்க பண்றது?" மறுநாளிலிருந்து போன் எடுப்பதில்லை. 1915 நுகர்வோர் எண்ணில் சொல்லி வைத்திருக்கிறேன், ஆனால் வியாபாரத்துக்கு எடுத்த வேலை என்பதால் வழக்கு என்று போனால் இழுக்கும் என்கிறார் வக்கீல் நண்பர்.

நேற்று அவர் ஸ்டேட்டஸில் புது வீடியோ. மழைக்கு முன்னால் எடுத்தது, எங்கள் பன்றிதான், பின்னால் நீல டிரம்மும் கொப்பரைக் கடைத் தராசும் தெரிகிறது. அதைக் காட்டி யாராவது உங்களிடம் அட்வான்ஸ் கேட்டால், அவர்தான்.