விதியா, செவியா, வினாத்தாளா? ஆங்கிலத் தேர்வுகளுக்குத் தயாராகும் மூன்று வழிகள்: ஓர் ஒப்பீடு

அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி, ஏசிடி, மேற்படிப்புச் சேர்க்கைக்கான ஜிஆர்இ, ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் ஐஇஎல்டிஎஸ் போன்ற தேர்வுகளுக்குப் படிக்கும் மாணவர்களிடம் இலக்கணத்துக்கும் எழுத்துக்கும் எப்படித் தயாராகிறீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் மூன்று பதில்களில் ஒன்றுதான் வருகிறது. சிலர் இலக்கண நூலை முதல் பாடத்திலிருந்து கடைசிப் பாடம் வரை படித்து விதிகளை மனப்பாடம் செய்கிறார்கள். சிலர் நிறைய வாசித்துவிட்டு, தேர்வறையில் காதுக்குச் சரியாகப் படுவதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மற்றவர்கள் மாதிரி வினாத்தாள்களை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுப் பார்க்கிறார்கள். இம்மூன்றில் எது மேல் என்பதைத் தேர்வின் தன்மையை ஒதுக்கிவிட்டு முடிவுசெய்ய முடியாது. கையில் நேரம் இருந்து, வாக்கியத்தின் வடிவத்தை மட்டும் சரிபார்க்கச் சொல்லும் இடத்தில் விதி வெல்லும். கருத்தைச் சிந்தித்துக்கொண்டே வாக்கியத்தை உருவாக்க வேண்டிய இடத்தில் பழகிய செவி வெல்லும். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் தொடங்குகிறவர்கள் பல மாத உழைப்பைத் தவறான இடத்தில் செலவிடுகிறார்கள் என்பதால்தான் இந்த ஒப்பீடு.

ஆகவே முதலில் தேர்வுகளைப் பிரித்துக்கொள்ள வேண்டும். கணினிவழிக்கு மாறிய எஸ்ஏடி தேர்வின் வாசிப்பும் எழுத்தும் அடங்கிய பிரிவில் 54 கேள்விகள், இரண்டு பகுதிகளாக, மொத்தம் 64 நிமிடங்களுக்கு வருகின்றன. ஒரு கேள்விக்கு ஏறத்தாழ 71 விநாடி கிடைக்கிறது. அவற்றில் 11 முதல் 15 கேள்விகள் வரை நேரடியாக இலக்கணமும் நிறுத்தக்குறியும் சார்ந்தவை. ஏசிடி தேர்வின் ஆங்கிலப் பிரிவு முன்பு 45 நிமிடங்களில் 75 கேள்விகளைக் கேட்டது. 2025இல் அறிமுகமான புதிய வடிவத்தில் 35 நிமிடங்களில் 50 கேள்விகள், அதாவது ஒரு கேள்விக்கு 42 விநாடி. இவை விடையைத் தேர்ந்தெடுக்கும் தேர்வுகள். ஐஇஎல்டிஎஸ் எழுத்துப் பிரிவோ 60 நிமிடங்களில் குறைந்தது 150 சொற்களில் ஒன்றும், குறைந்தது 250 சொற்களில் ஒன்றுமாக இரண்டு பதில்களை எழுதச் சொல்கிறது. ஜிஆர்இ 2023 செப்டம்பரில் சுருக்கப்பட்ட பிறகு, 30 நிமிடங்களில் ஒரே ஒரு கட்டுரையைக் கேட்கிறது. இவை எழுதும் தேர்வுகள். மேலாண்மைப் படிப்புச் சேர்க்கைக்கான ஜிமேட் தேர்வின் புதிய வடிவத்தில் வாக்கியத் திருத்தக் கேள்விகளும் இல்லை, கட்டுரையும் இல்லை. பழைய பதிப்புப் புத்தகத்தை இரவல் வாங்கி வாக்கியத் திருத்தத்தைப் பயில்கிறவர் இல்லாத கேள்விக்குத் தயாராகிறார்.

<b>விதிகளைக் கற்கும் வழி</b>

தேர்ந்தெடுக்கும் தேர்வுகளைப் பொறுத்தவரை என் ஆதரவு தயக்கமின்றி விதிகளுக்கே. இத்தேர்வுகள் ஆங்கில இலக்கணம் முழுவதையும் சோதிப்பதில்லை. எழுவாய்க்கும் பயனிலைக்கும் இடையிலான எண் பொருத்தம், பெயருக்கும் சுட்டுப்பெயருக்கும் இடையிலான பொருத்தம், காலம், அடைமொழித் தொடரின் இடம், உடைமைக் குறி, இரண்டு முழு வாக்கியங்கள் சந்திக்கும் எல்லை, காற்புள்ளி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி ஆகியவற்றின் பயன்பாடு என்று ஓர் ஏட்டின் இரண்டு பக்கங்களில் அடங்கிவிடும் பட்டியல் அது. ‘இன்’, ‘ஆன்’ போன்ற முன்னிடைச் சொற்களின் வழக்கு, ‘ஏ’, ‘தி’ போன்ற சுட்டுகள் என நமக்கு மிகவும் இடறும் பகுதிகளுக்கு எஸ்ஏடி கேள்விகளில் அநேகமாக இடமில்லை. எனவே முந்நூறு பக்க இலக்கண நூலை முழுதாகப் படிப்பது வீண் உழைப்பு. தேர்வு கேட்கும் விதிகளை மட்டும், காரணம் புரிந்து படிப்பதே பயன் தரும்.

காரணம் புரிந்து படிப்பது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டைச் சற்று அருகில் வைத்துப் பார்க்கலாம். ‘தி லிஸ்ட் ஆஃப் டிமாண்ட்ஸ்’ என்ற எழுவாய்க்கு ‘வாஸ்’ வருமா, ‘வேர்’ வருமா? பல மாணவர்கள் ‘வேர்’ என்பதைத் தேர்ந்தெடுக்கிறார்கள், ஏனெனில் வினைச்சொல்லுக்குப் பக்கத்தில் நிற்பது பன்மைச் சொல். இதையே தமிழில் ‘கோரிக்கைகளின் பட்டியல் வெளியிடப்பட்டது’ என்று எழுதும்போது நாம் தவறுவதில்லை. தமிழில் தலைமைச் சொல்லான ‘பட்டியல்’ தொடரின் கடைசியில், வினையை ஒட்டி நிற்கிறது; ஆங்கிலத்திலோ அது தொடரின் தொடக்கத்தில் நின்றுவிட, இடையில் புகுந்த பன்மைச் சொல் வினையைத் தன்பக்கம் இழுக்கிறது. இந்த இட மாற்றத்தை ஒருமுறை கண்டுகொண்டவர், எழுவாய்க்கும் வினைக்கும் நடுவில் பத்துச் சொற்கள் நுழைந்தாலும் அவற்றை மனத்தால் அடித்துவிட்டு, தலைமைச் சொல்லை வினையோடு சேர்த்துப் பார்க்கப் பழகிவிடுவார்.

தொங்கும் அடைமொழி என்று சொல்லப்படும் பிழைக்கும் இதே அணுகுமுறை உதவும். ‘மூன்று மாதம் ஆராய்ந்து, அறிக்கை வெளியானது’ என்ற வாக்கியம் நெருடுகிறது. ஆராய்ந்தது அறிக்கை அன்று. ‘மூன்று மாதம் ஆராய்ந்து, குழு அறிக்கையை வெளியிட்டது’ என்றால் நெருடல் இல்லை. ‘செய்து’ என்னும் வாய்பாட்டு வினையெச்சம் தன் வினைமுதலின் வினையையே கொண்டு முடிய வேண்டும் என்று நன்னூல் சொல்வது இதைத்தான். ஆங்கிலத் தேர்வு கேட்பதும் ஏறக்குறைய அதுவே: தொடக்கத் தொடரின் செயலைச் செய்தவர் யாரோ, அவரே காற்புள்ளிக்கு அடுத்து எழுவாயாக நிற்க வேண்டும். தமிழ் வகுப்பில் படித்த இலக்கணம் ஆங்கிலத் தேர்வுக்குக் கைகொடுக்கும் என்பதைப் பலர் நினைத்துப் பார்ப்பதே இல்லை. அது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

<b>செவியை நம்பும் வழி</b>

செவியின் பலவீனம் நிறுத்தக்குறிகளில் வெளிப்படுகிறது. மூச்சு நிற்கும் இடத்தில் காற்புள்ளி போடலாம் என்ற பழக்கம் தேர்ந்தெடுக்கும் தேர்வுகளில் மதிப்பெண்ணைப் பறிக்கும். ‘மழை பெய்தது, ஆட்டம் நின்றது’ என்று தமிழில் எழுதினால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்; அதே அமைப்பை ஆங்கிலத்தில் எழுதினால், இரண்டு முழு வாக்கியங்களைக் காற்புள்ளி மட்டும் இட்டுச் சேர்த்த பிழையாக அத்தேர்வுகள் கருதும். வாய்விட்டுப் படித்தால் அந்த வாக்கியம் எவ்விதத் தடையும் இன்றி ஓடுவதால், செவியால் அந்தப் பிழையைக் கண்டுபிடிக்கவே முடியாது. விதி தெரிந்தவருக்கோ அது சில விநாடி வேலை: குறியின் இருபுறமும் உள்ளவை தனித்து நிற்கக்கூடிய வாக்கியங்களா என்று பார்த்தால் போதும், ஆம் எனில் முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ தேவை, அல்லது காற்புள்ளியோடு ஓர் இணைப்புச் சொல் தேவை. நான்கு விடைகளில் இரண்டு, ஒன்றில் முற்றுப்புள்ளியும் மற்றொன்றில் அரைப்புள்ளியும் என்பதைத் தவிர வேறு எந்த வேறுபாடும் இன்றி அமைந்து, இரண்டும் ஒரே வேலையைச் செய்தால், இரண்டுமே சரியாக இருக்க முடியாது என்பதால் இரண்டையும் ஒதுக்கிவிடலாம் என்ற நுணுக்கமும் இதிலிருந்து பிறப்பதுதான்.

ஆனால் கட்டுரைக்கு வரும்போது நிலைமை தலைகீழாகிறது. மொழி கற்றலைப் பற்றிய மொழியியலாளர் ஸ்டீபன் கிராஷனின் கருத்து இங்கே பொருந்துகிறது. படித்து அறிந்த விதிகள் மொழியை உண்டாக்குவதில்லை. உண்டான வாக்கியத்தைக் கண்காணிக்கும் வேலையை மட்டுமே செய்கின்றன என்றும், அதற்கும் நேரம், வடிவத்தின்மீது கவனம், விதியைப் பற்றிய அறிவு ஆகிய மூன்றும் தேவை என்றும் அவர் வாதிட்டார். அவருடைய கோட்பாட்டின் பிற பகுதிகளைப் பலர் மறுத்திருக்கிறார்கள். எனினும் தேர்வுக்குத் தயாராகிறவருக்கு இந்த ஒரு பகுதி நல்ல வழிகாட்டி. 30 நிமிடங்களில் ஒரு நிலைப்பாட்டை எடுத்து, அதற்குக் காரணம் தேடி, பத்தி பிரித்து எழுதிக்கொண்டிருப்பவருக்கு ஒவ்வொரு வினைச்சொல்லிலும் நின்று விதியை நினைவுகூர நேரம் கிடையாது. அவர் கையிலிருந்து வரும் வாக்கியம், அவர் முன்பே பலமுறை வாசித்தும் எழுதியும் பழகிய வாக்கியமாகத்தான் இருக்கும்.

ஆகையால் எழுதும் தேர்வுக்கு வாசிப்பை வெறும் துணைப் பயிற்சியாக நினைக்கக் கூடாது. எனினும் கதையின் போக்கில் அடித்துச் செல்லப்படும் வாசிப்பு இதற்கு அவ்வளவாக உதவாது. வாதம் செய்யும் கட்டுரைகளைத் தேர்ந்தெடுத்து, ஒரு பத்தியை வாசித்து மூடிவிட்டு, அதன் கருத்தைத் தாமே ஆங்கிலத்தில் எழுதி, பிறகு மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதை வாரம் இரண்டு முறை செய்தால் போதும். எந்த இடத்தில் ‘தி’ விடுபட்டது, எந்த வினைக்கு எந்த முன்னிடைச் சொல் வரவில்லை என்பது அப்போது கண்ணுக்கு நேராகத் தெரியும். தமிழில் இத்தகைய சுட்டுகள் இல்லாததால், அவற்றின் விதிகளைப் படித்து முடித்த பிறகும் எழுதும்போது அவை நழுவிப் போகின்றன. திரும்பத் திரும்பப் பார்த்துப் பழகுவதன் வழியாகத்தான் அவை கையில் ஒட்டுகின்றன.

<b>வினாத்தாள்களின் வழி</b>

படித்ததை மீண்டும் படிப்பதைவிட, நினைவிலிருந்து வெளியே எடுத்துப் பார்ப்பது நெடுநாள் நினைவுக்கு உதவும் என்பதை உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கும் 2006இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மீண்டும் படித்தவர்களே முன்னிலையில் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்து, தம்மைத் தாமே சோதித்துக்கொண்டவர்கள் முந்தினார்கள். ஆக, வினாத்தாள் போட்டுப் பார்ப்பவர்களின் உள்ளுணர்வு தவறானதன்று. எஸ்ஏடி எழுதுகிறவர்களுக்கு அதிகாரபூர்வமான புளூபுக் செயலியில் முழு நீள மாதிரித் தேர்வுகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஜிஆர்இ கட்டுரைத் தலைப்புகளின் முழுத் தொகுப்பையும் தேர்வை நடத்தும் அமைப்பே பொதுவில் வெளியிட்டிருக்கிறது.

குறை எங்கே இருக்கிறதென்றால், மதிப்பெண்ணைக் கூட்டிப் பார்த்துவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விடுவதில் இருக்கிறது. இருபது தாள் போட்டவர் ஒரே பிழையை இருபது முறை செய்திருக்கலாம். ஐந்து தாள் மட்டும் போட்டு, ஒவ்வொரு பிழைக்கும் குறிப்பேட்டில் ஒரு வரி எழுதியவர் அவரைவிட முன்னேறியிருப்பார். அந்த வரி ‘காற்புள்ளிப் பிழை’ என்று பொதுவாக இருந்தால் பயனில்லை. ‘ஹவெவர் என்ற சொல்லை இணைப்புச் சொல் என்று நினைத்து, இரண்டு முழு வாக்கியங்களுக்கு நடுவே அதன்முன் காற்புள்ளி மட்டும் இட்டேன், அங்கே அரைப்புள்ளி வர வேண்டும்’ என்று, எப்படி நினைத்ததால் தவறியது என்பதோடு சேர்த்து எழுத வேண்டும். ஊகித்துச் சரியாகப் போட்ட கேள்விகளுக்கும் ஒரு வரி தேவை. அவை அடுத்த தேர்வில் தவறப்போகும் கேள்விகள்.

<b>எழுதியதை யார் திருத்துவது?</b>

கட்டுரைகளைப் பொறுத்தவரை இன்னொரு போட்டியும் இருக்கிறது: ஆசிரியரா, திருத்தும் மென்பொருளா, தாமேயா? சிவப்பு மையால் எல்லாப் பிழைகளையும் திருத்துவது பயனற்றது, சில வேளை கேடானதும்கூட என்று மொழி கற்பித்தல் ஆய்வாளர் ஜான் டிரஸ்காட் 1996இல் வாதிட, அத்துறையின் மற்றோர் ஆய்வாளர் டேனா ஃபெரிஸ் 1999இல் அதை மறுத்து எழுதினார். அந்த விவாதம் பின்னரும் நெடுநாள் தொடர்ந்தது. என் அனுபவத்தில், திருத்தம் எவ்வளவு என்பதைவிட, திருத்தப்பட்டதை மாணவர் மீண்டும் எழுதுகிறாரா என்பதுதான் பலனைத் தீர்மானிக்கிறது. மென்பொருள் உடனுக்குடன் பிழையைக் காட்டுகிறது. ஆனால் ஒரு சொடுக்கில் திருத்தியும் தந்துவிடுவதால் மாணவருக்கு யோசிக்க வேலை இல்லாமல் போகிறது. தேர்வறைக் கணினியில் அந்த உதவி இருக்காது: ஜிஆர்இ தேர்விலும் கணினிவழி ஐஇஎல்டிஎஸ் தேர்விலும் எழுத்துப்பிழை காட்டும் வசதி கிடையாது. எனவே முதல் திருத்தத்தைத் தாமே செய்து, இரண்டாவதாக மென்பொருளிடம் காட்டி, தாம் தவறவிட்டவற்றை மட்டும் குறிப்பேட்டில் ஏற்றுவதே நான் பரிந்துரைக்கும் வரிசை. வாதம் பலமாக இருக்கிறதா, பத்திகள் ஒன்றையொன்று தொடர்கின்றனவா என்பதற்கு ஆசிரியரின் கண் வேண்டும். ஐஇஎல்டிஎஸ் மதிப்பீட்டில் இலக்கணத்துக்கு நான்கில் ஒரு பங்குதான். கேட்டதற்குப் பதில் சொன்னதா, கோவையாக இருக்கிறதா, சொல்வளம் எப்படி என்பவை மற்ற மூன்று பங்குகள். ஜிஆர்இ கட்டுரையிலும் சிந்தனையின் தெளிவுக்கே முதலிடம்.

எல்லா வழிகளுக்கும் நேரம் இல்லை என்றால் எதை விடுவது? எஸ்ஏடி அல்லது ஏசிடிக்கு ஒரு மாதமே இருக்கிறது எனில், புதிதாகத் தொடங்கும் வாசிப்பை விட்டுவிடலாம். முதல் பத்து நாள் விதிகளுக்கும், மீதி நாள் தாள்களுக்கும் குறிப்பேட்டுக்கும் ஒதுக்கலாம். ஐஇஎல்டிஎஸ் அல்லது ஜிஆர்இ எனில், இலக்கண நூலை மூடி வைத்துவிட்டு, ஒருநாள் விட்டு ஒருநாள் நேரம் வைத்து ஒரு கட்டுரை எழுதி, மறுநாள் அதையே திருத்தி எழுதலாம். தேர்வு நாளில் கட்டுரையின் கடைசி நான்கைந்து நிமிடங்களை விதிகளுக்கென்று ஒதுக்குங்கள். அப்போது முழுக் கட்டுரையையும் பொதுவாகப் படிக்காமல், குறிப்பேட்டில் அதிக முறை இடம்பெற்ற மூன்று பிழைகளை மட்டும் தேடுங்கள்: ஒருமுறை எழுவாய்க்கும் வினைக்கும், ஒருமுறை பெயர்ச்சொற்களின் முன்னுள்ள சுட்டுகளுக்கும், ஒருமுறை இரண்டு வாக்கியங்கள் சந்திக்கும் இடங்களுக்கும் என்று கட்டுரையை மேலிருந்து கீழாக மூன்று முறை ஓட்டிப் பார்க்க அந்த நேரம் போதும்.